சேலத்தின் தூசிக்குக் கணக்கு உண்டு, பொறுப்பு யாருக்கு? ஒரு நிகழ்வு ஆய்வு

சேலம் நகரின் காற்றை அரசு அளக்காமல் இல்லை. கொண்டலாம்பட்டியில் சௌடேஸ்வரி கல்லூரிக் கட்டடத்தில் ஒரு கண்காணிப்பு நிலையம் பல வருடங்களாக இயங்குகிறது. ஜங்ஷன் மெயின் ரோட்டில் சோனா தொழில்நுட்பக் கல்லூரியில் மணிக்கு மணி அளக்கும் தானியங்கி நிலையம் ஒன்று இருக்கிறது. இரண்டும் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பில் உள்ளவை. தானியங்கி நிலையத்தின் எண்ணை மத்திய வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சரி, பார்த்தாயிற்று. அந்த எண் ஒரு வாரமாகக் கூடிக்கொண்டே போனால் மறுநாள் காலையில் யார் எந்த வேலையைத் தொடங்க வேண்டும்? சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் இந்தக் கேள்விக்கு ஒரு விடை காகிதத்திலாவது இருக்கிறது. சேலத்துக்கு இல்லை. இந்த ஆய்வு முழுவதும் அந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

ஊர் அமைந்த விதம்

சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த தாழ்நிலத்தில் இருக்கிறது. வடக்கே சேர்வராயன் மலை, அதற்கு முன்னால் நகரமலை. தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. இரவில் மலைச்சரிவுகளின் தரை சீக்கிரம் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, சரிவு வழியாக இறங்கி ஊர்மேல் தங்குகிறது. அதற்கு மேலே இருப்பது அதைவிட வெதுவெதுப்பான காற்று. கீழே உள்ளது கனமாகவும் மேலே உள்ளது லேசாகவும் இருந்தால் இரண்டும் கலக்காது. கார்த்திகை முதல் தை வரை காற்று அசையாத நாட்களில், ராத்திரி முழுக்க ஓடிய லாரிகளின் புகையும் தெருமுனையில் எரித்த குப்பையின் புகையும் மேலே போக வழியில்லாமல் காலை எட்டு, ஒன்பது மணி வரை அப்படியே நிற்கும். வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் கலையும்.

விடியற்காலையில் ஏற்காடு லேடீஸ் சீட்டிலிருந்து கீழே பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். ஊர்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம், அதற்கு மேலே கோடு போட்டது போலத் தெளிந்த வானம். வருகிறவர்கள் பனிமூட்டம் என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் பனி இருப்பது உண்மைதான். அந்த நீர்த்துளிகள் பிடித்துக்கொள்ளும் புகைத் துகளும் அதே அளவுக்கு உண்மை.

சேலத்தில் யாரைக் கேட்டாலும் தூசி அதிகம் ஆடி மாதத்தில் என்பார்கள். தென்மேற்குக் காற்று ரோட்டு மண்ணை வாரிக் கண்ணில் கொட்டுகிறது, சொல்வதில் தப்பில்லை. ஆனால் அது பெரும்பாலும் பெரிய துகள். மூக்கும் தொண்டையும் பாதியைத் தடுத்துவிடும். அதே ஆடிக் காற்று நுண்துகள்களை ஊரைவிட்டு அடித்துக்கொண்டும் போய்விடுகிறது. நுரையீரலின் அடிவரை இறங்கி ரத்தத்தில் கலக்கக்கூடிய துகள், அதாவது பி.எம். 2.5 எனப்படும் 2.5 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியவை, தேங்கி நிற்பது மார்கழிக் காலையில். கோலம் போட வாசலுக்கு வருகிறவர்களும், நடைப்பயிற்சிக்குப் போகும் பெரியவர்களும், டியூஷனுக்கு சைக்கிளில் போகும் பிள்ளைகளும் வெளியே இருக்கும் நேரம் அதுதான். அப்போது கண்ணில் ஒன்றும் உறுத்தாது. அதனாலேயே யாரும் புகார் செய்வதில்லை.

எப்படி அளக்கிறார்கள்

தேசியக் காற்றுத் தரக் கண்காணிப்புத் திட்டம் 1984-இல் தொடங்கியது. இதில் ஒரு நிலையம் வாரத்துக்கு 2 நாள், ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம், வருடத்துக்கு 104 நாள் அளக்க வேண்டும். வேலை ஒரு ஃபில்டர் பேப்பரில் ஆரம்பிக்கிறது. கண்ணாடி இழையால் ஆன, நோட்டுப் புத்தகப் பக்க அளவுள்ள வெள்ளைத் தாள் அது. ஈரத்தை உறிஞ்சும் கண்ணாடிக் கலத்தில் ஒரு நாள் வைத்து, மில்லிகிராமிலும் சிறிய பின்னம் வரை காட்டும் தராசில் எடை போட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு மாதிரி எடுக்கும் கருவிக்குள் அதைப் பொருத்தி, உள்ளே இருக்கும் மோட்டாரை ஓட விடுகிறார்கள். காற்று முதலில் ஒரு சுழல்குழாய்க்குள் போகும். 10 மைக்ரானுக்குப் பெரிய துகள் சுழற்சியில் வெளியே தள்ளப்பட்டு அடியில் உள்ள கிண்ணத்தில் விழும். சிறியது மட்டும் தாளில் படியும். 8 மணி நேரத்துக்கு ஒரு தாள்.

நிமிடத்துக்கு 1.1 கனமீட்டர் காற்று என்று வைத்துக்கொண்டால் 8 மணி நேரத்தில் 528 கனமீட்டர். தாளின் எடை 42 மில்லிகிராம் கூடியிருந்தால், 42,000 மைக்ரோகிராமை 528-ஆல் வகுக்க வேண்டும். ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 80 மைக்ரோகிராம் என்று வரும். இது எடுத்துக்காட்டுக்காக நான் போட்ட கணக்கு, முறை இதுதான். வெள்ளையாகப் போன தாள் பழுப்பாகத் திரும்புகிறது. தாளை மடிக்கும்போது ஓரம் உதிர்ந்தாலோ, நடுவில் கரண்ட் போனதைக் குறிக்க மறந்தாலோ எண் தப்பாகிவிடும். கந்தக டைஆக்சைடையும் நைட்ரஜன் டைஆக்சைடையும் தனித்தனிக் கரைசலுக்குள் குமிழியிட வைத்து, பிறகு ஆய்வகத்தில் நிறத்தைக் கொண்டு அளக்கிறார்கள். பொறுமையும் நேர்மையும் வேண்டிய வேலை. இதைச் செய்யும் ஊழியர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

சோனா கல்லூரி நிலையம் போன்ற தானியங்கி நிலையங்களில் இந்தத் தாள் வேலை கிடையாது. துகளின் அளவை பீட்டா கதிர் எவ்வளவு தடுக்கப்படுகிறது என்பதை வைத்துக் கணக்கிடும் கருவிகள் இவற்றில் வழக்கம். காலை ஆறு மணிக்கு எவ்வளவு, மத்தியானம் இரண்டு மணிக்கு எவ்வளவு என்பதெல்லாம் தெரிந்துவிடும். மேலே சொன்ன மார்கழிக் காலைப் பிரச்சினையைப் பிடிக்க இதுதான் தேவை. 24 மணி நேரச் சராசரியில் அந்த மூன்று மணி நேரம் கரைந்து போய்விடும்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். ஒரு நகரத்தில் துகள் மாசை அளக்க எத்தனை நிலையம் வேண்டும் என்பதற்கு மத்திய வாரியத்தின் வழிகாட்டுதலில் சூத்திரமே இருக்கிறது. 1 லட்சம் முதல் 10 லட்சம் மக்கள்தொகை உள்ள ஊருக்கு 4 நிலையமும், அதோடு மக்கள்தொகையின் ஒவ்வொரு லட்சத்துக்கும் 0.6-உம். 2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சியில் சுமார் 8.3 லட்சம் பேர். கூட்டிப் பார்த்தால் 9 நிலையம். தமிழ்நாட்டில் தேசியத் திட்டத்தின் கீழ் வெகுகாலம் இருந்த 28 நிலையங்களில் மேட்டூருக்கு 2, சேலம் நகருக்கு 1. மேட்டூரில் அனல்மின் நிலையமும் ரசாயனத் தொழிற்சாலைகளும் இருப்பதால் அங்கே 2 இருப்பது நியாயம்தான். சேலத்துக்கு 1 என்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. தானியங்கி நிலையத்தைச் சேர்த்தாலும் 2.

பச்சையாகக் காட்டும் எண்

2009 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தேசிய வரம்புகளின்படி பி.எம். 10-க்கு, அதாவது 10 மைக்ரானுக்கும் சிறிய துகளுக்கு, ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், ஒரு நாளைக்கு 100. பி.எம். 2.5-க்கு ஆண்டுக்கு 40, ஒரு நாளைக்கு 60. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் திருத்திய வழிகாட்டுதலில் பி.எம். 2.5-க்கு ஆண்டுக்கு 5, ஒரு நாளைக்கு 15. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

மாசு அளவுகளை ஒரே எண்ணாகவும் நிறமாகவும் சுருக்கிக் காட்டும் காற்றுத் தரக் குறியீடு இந்தத் தூரத்தைத்தான் மறைத்துவிடுகிறது. பி.எம். 2.5 ஒரு நாள் 55 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். குறியீட்டில் 92 அல்லது அதன் பக்கத்தில் வரும். 51 முதல் 100 வரை ‘திருப்திகரம்’, நிறம் இளம்பச்சை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவைப்போல அது மூன்றரை மடங்குக்கு மேல். டெல்லியில் 400 என்று செய்தியில் கேட்டுப் பழகிய காதுக்கு 92 ஒன்றுமே இல்லை. வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருந்தால் இந்த நிறத்தைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். பி.எம். 2.5 எத்தனை மைக்ரோகிராம் என்று தேடிப் பாருங்கள்.

தூசி எங்கிருந்து வருகிறது

சேலத்தில் காற்று மாசு என்றதும் பேச்சு மாமாங்கம் பக்கத்து மாக்னசைட் சுரங்கங்களுக்கும் மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கும் போய்விடும். இரண்டும் பேசவேண்டியவைதான். மாக்னசைட் கல்லைச் சூளையில் சுட்டு உலைக்கல் செய்யும் பொடியாக்குகிறார்கள். வெட்டும்போதும் உடைக்கும்போதும் லாரியில் ஏற்றும்போதும் வெள்ளைத் தூசி கிளம்பும். மேட்டூரில் 210 மெகாவாட் அலகு நான்கும் 600 மெகாவாட் அலகு ஒன்றுமாக 1,440 மெகாவாட் நிலக்கரியில் ஓடுகிறது. அந்தப் புகையில் உள்ள கந்தக டைஆக்சைடு காற்றில் போகப் போக சல்ஃபேட் நுண்துகளாக மாறக்கூடியது. 50 கிலோமீட்டர் அதற்குப் பெரிய தூரம் இல்லை.

ஆனால் தினமும் எல்லோரும் சுவாசிக்கும் தூசிக்குத் தொழிற்சாலைக் கேட்டைத் தாண்டி வெளியே பார்க்க வேண்டும். பெங்களூரிலிருந்து கன்னியாகுமரி போகும் தேசிய நெடுஞ்சாலை 44 சேலத்தைத் தொட்டுப் போகிறது. கொச்சிக்குப் போகும் 544 இங்கேதான் தொடங்குகிறது. உளுந்தூர்பேட்டைச் சாலையும் இங்கே வந்து சேர்கிறது. சங்ககிரி, நாமக்கல் லாரிகளுக்கெல்லாம் இது நடுவழி. கொண்டலாம்பட்டி பைபாஸில் ரோட்டோரம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தாருக்கும் சாக்கடைக்கும் நடுவில் நாலைந்து அடி மண் அப்படியே விடப்பட்டிருக்கும். பஸ் அதில் இறங்கி நிற்கும், லாரி டீக்கு ஒதுங்கும். டயர் அந்த மண்ணை மாவாக அரைத்துத் தார்மேல் இழுத்துவிடும். அடுத்து வருகிற வண்டி அதைத் தூக்கும். பெருக்குபவர்கள் காலையில் துடைப்பத்தால் அதை ஓரமாகக் குவிப்பார்கள். அள்ளிப் போக வண்டி வருவதற்குள் பாதி திரும்ப ரோட்டுக்கு வந்துவிடும். பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தோண்டி, மண்ணைப் போட்டு மூடி, தார் போடாமல் விட்ட தெருக்கள் வேறு. தார்ப்பாய் போடாமல் எம்-சாண்ட் ஏற்றிப் போகும் டிப்பர்கள் வேறு.

இந்தத் தூசிக்கு உரிமையாளர் கிடையாது. தொழிற்சாலை புகை விட்டால் 1981-ஆம் வருடக் காற்றுச் சட்டத்தின் கீழ் வாரியம் நோட்டீஸ் கொடுக்கலாம், மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லலாம், மூடவும் உத்தரவிடலாம். ரோட்டோர மண்ணுக்கு யாருக்கு நோட்டீஸ்? ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது, சாக்கடை மாநகராட்சியுடையது, தோண்டியது ஒப்பந்தக்காரர். அளப்பது மட்டும் வாரியம்.

நிலையங்களுக்கு எட்டாத இன்னொரு காற்றும் இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் பெரும்பாலும் வீட்டோடு வீடாக இருக்கின்றன. தாழ்ந்த கூரையுள்ள ஓர் அறையில் நாலைந்து பேர் தரையில் உட்கார்ந்து, பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கிறார்கள். சுடர் ஆடக்கூடாது என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைக்கும் இடங்களில் பழுப்புப் புகை எழும். அது நைட்ரஜன் டைஆக்சைடு. கல்லூரி வளாகத்து நிலையத்தில் இது ஒரு புள்ளியாகக்கூடப் பதிவாகாது. அங்கே பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அதுதான் முழுக் காற்றும். ஒரு சின்ன புகைபோக்கியும் காற்று உறிஞ்சும் விசிறியும் போட மானியம் கொடுத்தால், ஊரெங்கும் தண்ணீர் தெளிப்பதைவிடப் பெரிய பலன் கிடைக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அரசு செய்தவை

பலனளித்த காரியங்களை மறைக்கக்கூடாது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற வண்டிப்புகை வரம்புக்கு ஏற்ற) எரிபொருள் வந்தது. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. புது லாரிகளிலும் பஸ்களிலும் துகள் வடிகட்டி வந்துவிட்டது. பழைய வண்டிகள் ஓடும்வரை முழுப் பலன் தெரியாது, ஆனாலும் இது ஊர் ஊராகக் கெஞ்சாமல் ஒரே உத்தரவில் நடந்த நல்ல காரியம். 2022 பிப்ரவரி அறிவிக்கையின்படி செங்கல் சூளைகள் காற்று வளைந்து வளைந்து போகும்படி செங்கலை அடுக்கும் ஜிக்-ஜாக் முறைக்கோ, செங்குத்துச் சூளைக்கோ, எரிவாயுவுக்கோ மாறவேண்டும். பட்டாசுக்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு மணி நேரம் என்று வரையறுத்ததும், தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் குறித்தார்கள்.

குப்பை எரிப்பதில் கதை வேறு. திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. சேலத்தில் எந்தத் தெருவிலும் காலையில் நடந்து பாருங்கள், இந்த உத்தரவைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். சருகோடு பிளாஸ்டிக் கவரும் சேர்ந்து எரிவது குளிர்காலக் காலையில், அந்தக் கனத்த காற்றுக்குக் கீழே.

ஐந்து ரோட்டில் 2020-இல் திறந்த இரண்டடுக்கு மேம்பாலத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். சிக்னலில் எஞ்சினை ஓடவிட்டு நிற்பது குறைந்தால் புகையும் குறையும். ஆனால் கடைகளும் ஆட்டோ ஸ்டாண்டும் நடப்பவர்களும் இருப்பது பாலத்துக்கு அடியில்தான். மேலே கூரை போட்ட மாதிரி ஆகிவிட்ட அந்தத் தெருவில் காற்று எப்படி இருக்கிறது என்று தனியாக அளக்கவேண்டும்.

பட்டியலுக்கு வெளியே

2019 ஜனவரியில் தேசியத் தூய காற்றுத் திட்டம் தொடங்கியது. 2017-ஐ அடிப்படையாக வைத்து 2024-க்குள் துகள் மாசை 20 முதல் 30 சதவீதம் குறைப்பது முதல் இலக்கு. பிறகு அது 2025-26-க்குள் 40 சதவீதம் என்று உயர்ந்தது. நாட்டில் சுமார் 130 நகரங்கள் இதில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி. பட்டியலில் சேர வழி இரண்டு. தொடர்ந்து 5 வருடம் வரம்பைத் தாண்டியிருக்க வேண்டும், அல்லது 15-ஆவது நிதிக்குழு கணக்கில் எடுத்த, 10 லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த நகரங்களின் காற்றுக்கென்று நிதிக்குழு 2021 முதல் 2026 வரை ஒதுக்கியது சுமார் 12,139 கோடி ரூபாய். மாநகராட்சியும் அதை ஒட்டிய ஊர்களும் சேர்ந்த சேலம் நகரத் தொகுப்பின் 2011 மக்கள்தொகை சுமார் 9.2 லட்சம்தான், அதனால் அந்த இரண்டாவது வழி திறக்கவில்லை.

பட்டியலில் இருந்தால் என்ன கிடைக்கும்? பணம் மட்டும் இல்லை. நகரத்துக்கென்று ஒரு செயல்திட்டம் எழுதவேண்டும், எந்தத் துறை எதை எப்போது முடிக்கும் என்று அதில் இருக்கவேண்டும், மாசு எங்கிருந்து எவ்வளவு வருகிறது என்று ஆய்வு செய்யவேண்டும், வருடா வருடம் பதில் சொல்லவேண்டும். நெடுஞ்சாலைத் துறையையும் மாநகராட்சியையும் வாரியத்தையும் ஒரே மேசையில் உட்கார வைப்பது அந்தக் கட்டாயம்தான். வெளியே இருக்கும் ஊரில் அந்த மேசையே கிடையாது. அதுவும் 5 வருடம் மீறியதா என்பதை முடிவு செய்வது, 9 இருக்க வேண்டிய ஊரில் ஓர் இடத்தில் வருடத்துக்கு 104 நாள் எடுத்த அளவு.

பட்டியலில் சேர்ந்த ஊர்களிலும் எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. டெல்லியில் உள்ள ஆய்வு அமைப்பான அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, திட்டத்தில் செலவான பணத்தில் 64 சதவீதம் சாலைத் தூசிக்கே போயிருக்கிறது. தொழிற்சாலைப் புகைக்கு 1 சதவீதம்கூட இல்லை. திட்டத்தில் நகரங்களுக்கு மதிப்பெண் பி.எம். 10-ஐ வைத்துத்தான் என்பதால், பெருக்கும் இயந்திரமும் தண்ணீர் தெளிக்கும் வண்டியும் வாங்குவது சுலபமான வழி ஆகிவிட்டது. சேலம் அந்தப் பாதையை அப்படியே பின்பற்றத் தேவையில்லை. இங்கே ரோட்டோர மண்ணுக்குத் தண்ணீர் தெளிப்பதைவிட, அந்த நாலைந்து அடியைக் கல் பதித்து மூடுவதுதான் தீர்வு. மாநகராட்சியே தன் வரவு செலவுத் திட்டத்தில் ஒவ்வொரு வருடமும் இத்தனை கிலோமீட்டர் என்று எழுதிச் செய்யலாம். இதற்கு டெல்லியின் பட்டியல் வேண்டியதில்லை.

அடுத்ததாக நிலையங்கள். குறைந்தது செவ்வாய்ப்பேட்டையில் ஒன்று, மாமாங்கம் பக்கம் ஒன்று, ஐந்து ரோடு பாலத்தடியில் ஒன்று வேண்டும். ஏற்காட்டிலும் ஒன்று வைத்தால், ஊரின் சொந்த மாசு எவ்வளவு, வெளியிலிருந்து வருவது எவ்வளவு என்று ஒப்பிட ஒரு சுத்தமான அடிமட்ட அளவு கிடைக்கும். மலைமேல் ஒரு நிலையம் வைக்க வசதி உள்ள நகரங்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. சேலத்துக்கு அது ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. அப்புறம், பி.எம். 2.5 ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிய மறுநாள் எந்த அதிகாரி எந்த உத்தரவு போடவேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகமே எழுதிவிடலாம்: குப்பை எரிப்பைத் தடுக்க விடியற்காலை ரோந்து, டிப்பர்களுக்குத் தார்ப்பாய்ச் சோதனை, பள்ளி மைதான வகுப்புகளைப் பத்து மணிக்குத் தள்ளிவைப்பது.

2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது. சேலம் தொகுப்பு 10 லட்சத்தைத் தாண்டினால், அடுத்து வரும் திட்டத்தில் நிதி கேட்க ஒரு வாசல் திறக்கலாம். அதுவரை காத்திருந்தால் அதற்குள் சேலத்தில் பிறக்கிற பிள்ளைகளின் நுரையீரல் இந்தக் காற்றிலேயே வளர்ந்துவிடும். கல் பதிப்பதும் அந்த ஒரு பக்கத்தை எழுதுவதும் இந்த வருடமே செய்யக்கூடியவை.